நான்கௌரி இருந்த இடம்

அந்தமானின் பெரார்கஞ்சில் பங்கஜத்தின் வீட்டுக்கு வழி கேட்டால், "செடி வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவள் கணவர் ராஜசேகர் மின்சாரத் துறையில் லைன்மேன். ஊரில் பாதி வீடுகளில் விளக்கு எரிவது அவர் கம்பம் ஏறி இறங்கியதால்தான். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லி யாரும் வழி காட்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பங்கஜம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறி வந்தவள் அவள். சென்னைத் துறைமுகம் கண்ணை விட்டு மறைந்ததிலிருந்து போர்ட் பிளேர் ஜெட்டி வரும்வரை வாந்தி. அந்த வாந்திக்கு நடுவிலும், அம்மா வீட்டு நந்தியாவட்டைக் கொம்பு ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி மடியை விட்டு இறக்காமல் வந்தாள். கப்பலில் புருஷன் கையைப் பிடித்ததைவிட அந்தச் சாக்கைப் பிடித்திருந்ததுதான் அதிகம். கொம்பு பிழைத்துக்கொண்டது. பிறகுதான் அவளுக்கு இந்தத் தீவில் தானும் பிழைத்துவிடலாம் என்று தைரியம் வந்தது.

அதற்கப்புறம் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. தெருவில் யார் கடல் தாண்டி மெயின்லேண்ட் போய் வந்தாலும் பங்கஜத்துக்கு ஒரு கொம்போ கிழங்கோ கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தவருக்கு அவள் வீட்டில் டீ கிடைக்காது. எந்தக் கப்பலில் வந்ததோ அந்தக் கப்பலின் பெயர்தான் செடிக்கும். கிணற்றடியில் ஆளுயரம் நின்ற சிவப்புக் குரோட்டன்ஸ் 'நான்கௌரி'. பெயின்ட் டப்பாவில் பூத்த நாட்டு ரோஜா 'அக்பர்'. வேலியோர அரளி 'ஸ்வராஜ் தீப்'. எல்லாம் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நிற்கும். வரிசைக்குக் கரையாகக் கற்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவற்றுக்குச் சுண்ணாம்பு. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க மறந்த வருஷம் உண்டு, கல்லுக்கு மறந்ததில்லை.

இப்படிப்பட்டவளின் ஒரே மகள் சௌமியா பிளஸ் டூ முடித்து, தீவுப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கி, நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று ஒரு படிப்பில் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு ராஜசேகர், "பில்டிங்குக்கு வெளில இருக்குறதையெல்லாம் அவ கட்டுவா" என்று விளக்கினார். பங்கஜம் இன்னும் சுருக்கமாக, "செடிப் படிப்பு. என்னயப் பாத்துத்தான எடுத்திருக்கா" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டம் அவளுக்கே கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெருமை ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. மகளின் வாயில் மேடம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சந்திரமதி மேடம். செடிகளைப் பற்றிப் பாடம் எடுப்பவர். போனை எடுத்தால் மேடம், வைக்கும்போதும் மேடம். "அம்மா, மேடம் சொல்றாங்க, செடிய வரிசையா நிறுத்துனா அது தோட்டமில்லயாம், பரேடாம்!" என்று முதல் வருஷத்தில் ஒருநாள் சௌமியா சிரித்தாள். இன்னொரு நாள், "கல்லுக்கு வெள்ளையடிக்குறது போலீஸ் ஸ்டேஷன் வேலைம்மா" என்றாள். பிறகொரு நாள், அந்தந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிதான் அழகு என்றும், குரோட்டன்ஸ் வைப்பது சோம்பேறித்தனம் என்றும் சொன்னாள். பங்கஜமும் கூடவே சிரித்தாள். போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து வெள்ளைக் கற்களைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் சௌமியாவுக்கு விடுதியில் டைபாய்டு. கப்பல் டிக்கெட்டுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ராஜசேகர் அலைந்துகொண்டிருந்தபோதே, மேடம் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். பங்கஜம் போனிலேயே அழுது நன்றி சொன்னாள். எல்லாம் சரிதான். ஆனால் காய்ச்சல் இறங்கியதும் சௌமியா, "மேடம் வெச்ச ரசம் செமயா இருந்துச்சும்மா. சீரகத்த வறுத்துப் போடுவாங்க" என்றாளே, அந்த ஒரு வார்த்தையைப் பங்கஜத்தால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெற்றவள் கடலுக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, எவளோ ஒருத்தி சீரகத்தை வறுத்துப் போட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து பங்கஜம் தினமும் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் மேடத்தின் படத்தைத் திறந்து பார்ப்பாள். கழுத்தளவு வெட்டிய நரைமுடி, கைத்தறிச் சேலை, ஒற்றை வெள்ளி வளையல். "சாயம்கூடப் போடல, என்ன திமிரு பாருங்க" என்று கணவரிடம் காட்டுவாள். படத்தில் திமிர் எங்கே இருக்கிறதென்று அவர் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

ஐந்தாம் வருஷம், கடைசி வருஷம் வந்தது. அந்தப் படிப்பில் கடைசி வருஷம் ஆளுக்கொரு இடத்தை எடுத்து, அளந்து, வரைந்து, ஆராய்ந்து, நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அதற்குத் தீசிஸ் என்று பெயர். "நம்ம பெரார்கஞ்சத்தாம்மா எடுத்திருக்கேன். சந்திரமதி மேடம்தான் கைடு" என்று சௌமியா துள்ளிக்கொண்டு சொன்னாள். பங்கஜத்தின் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் விழுந்தது. பெரார்கஞ்ச் என்றால் பஜார் பக்கத்துப் பஞ்சாயத்து நிலமாக இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

அதன்பிறகு போனில் ஒரே கேள்வி. நான்கௌரியைக் கிணற்றடியில் ஏன் வைத்தாய்? அக்பரை ஏன் டப்பாவை விட்டு எடுக்கவில்லை? ஸ்வராஜ் தீப் யார் கொண்டுவந்தது? முன்னெல்லாம் செடியைப் பற்றி இவ்வளவு கேட்காத பெண். பங்கஜத்துக்குப் புரிந்துவிட்டதாம்: கேட்பது மகள் இல்லை, பின்னாலிருந்து மேடம் கேட்கச் சொல்கிறாள். குற்றம் கண்டுபிடிக்கிறாள். பங்கஜமும் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். தன் வாயால் ஒரு வரலாறே சொல்லியிருக்கலாம். பொறாமை விடவில்லை.

மாசி மாதத்தில் சௌமியாவின் வகுப்பு கடற்கரைகளைப் பார்வையிட அந்தமான் வந்தது. தெற்கே ஹட் பே கடற்கரைக்குப் போய்த் திரும்பும் வழியில் மேடமும் சௌமியாவும் மட்டும் பெரார்கஞ்சுக்கு வருவதாக ஏற்பாடு. ஹட் பே கப்பலில் ஏறுமுன் சௌமியா போன் செய்தாள்.

"அம்மா, மேடம் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நம்ம தோட்டத்தப் பாத்தே ஆகணுமாம்."

"எதுக்காம்?"

"அதான்மா, தீசிஸுக்கு... ஹலோ? அம்மா, டவர் போகுது. வந்து சொல்றேன்."

போன் செத்தது. பங்கஜம் வாசலில் நின்றாள். பரேடு, போலீஸ் ஸ்டேஷன், சோம்பேறித்தனம். மேடம் வந்து நின்று பார்ப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள், பெரிய படிப்புப் படித்தவள். ஆனால் மகள் மேடத்தின் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அம்மாவுக்காக வெட்கப்படுவாள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பங்கஜத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மகள் எங்கே வேலை பார்த்தாலும் சரி, யாரைக் கட்டிக்கொண்டாலும் சரி, இந்த வாசலை மட்டும் மேடத்தின் கண்ணால் பார்த்துவிடக் கூடாது.

பார்க்கட்டும், என்னால் முடியாதா என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மண்வெட்டி இறங்கியது. முதலில் கற்கள் போயின. பிறகு வரிசை வரிசையாகச் செடிகள். அடுத்த வீட்டு நீலாவதி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "அரே, க்யா ஹுவா அக்கா? பூச்சி விழுந்துருச்சா?"

"பூச்சியுமில்ல புழுவுமில்ல. ஃபேஷன் மாறிருச்சு. வேணும்னா ரெண்டு எடுத்துட்டுப் போ."

"நான்கௌரியயுமா? பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா புடிச்சிருச்சு?"

நான்கௌரி மட்டும் லேசில் வரவில்லை. வேர் கிணற்றுச் சுவருக்கு அடியில் ஓடியிருந்தது. ராஜசேகர் வந்து, "பங்கஜம், போதும்டி" என்று மண்வெட்டியைப் பிடித்தார். "உங்க மக எப்பயோ கைய விட்டுப் போயிட்டா. உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" என்று ஒரு கத்துக் கத்தினாள். அவர் கையை எடுத்துவிட்டார். நான்கௌரி சாய்ந்தது. எல்லாவற்றையும் இழுத்துப்போய்ப் பின்பக்கம் பாக்குமரத்து ஓடையில் தள்ளினாள். அங்கிருந்தே பெரணியும் காட்டு இஞ்சியும் தாழங்கன்றுமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாசலில் மேடத்துக்குப் பிடித்த மாதிரி வரிசையில்லாமல், வளைவும் நெளிவுமாக நட்டாள். முடித்தபோது அவளுக்கே தன் வீடு யார் வீடோ போலிருந்தது. இருந்தாலும் ஒரு கொக்கரிப்பு. வரட்டும் மேடம்.

மாசி வெயிலுக்கு அந்தக் கொக்கரிப்பு தெரியுமா? அடுத்த நாள் முற்பகலில் டாக்சி வந்து நின்றபோது பெரணிகளெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

மேடம் படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். ஹட் பே கப்பல் ஆட்டியதில் முகம் வெளுத்துக் கிடந்தது. அது பங்கஜத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். மேடம் கேட்டைத் திறந்தவர், வணக்கம்கூடச் சொல்லாமல் கிணற்றடியைப் பார்த்துவிட்டு, "சௌமியா, நான்கௌரி எங்க?" என்றார்.

பங்கஜத்துக்கு விளங்கவில்லை. அந்தப் பெயர் இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சௌமியா டாக்சிக் கதவைக்கூடச் சாத்தாமல் வாசலில் நின்றிருந்தாள். "அம்மா" என்றாள். பிறகு, "அம்மா, என்னம்மா பண்ணுன?"

"புதுசா வெச்சேன்டி. எல்லாம் நம்ம ஊரு மண்ணுல தானா முளைச்சது. பாரு, வரிசையே கிடையாது."

"இதுதாம்மா என் சைட்டு!" சௌமியாவின் குரல் உடைந்தது. "என் தீசிஸே இந்தத் தோட்டந்தான். கப்பல்ல வந்து வேர் விட்ட வாசல்னு தலைப்பு. இன்னைக்கு மேடமும் நானும் அளக்குறதுக்கு வந்தோம். எத்தன தடவ போன்ல கேட்டேன், ஒவ்வொன்னா!"

"நீதான சொன்ன, பரேடுன்னு. போலீஸ் ஸ்டேஷன்னு."

"அது ஃபர்ஸ்ட் இயர்லம்மா! அப்ப எனக்கு ஒரு எழவும் தெரியாது."

மேடம் மெதுவாக, "அது நான் சொன்னதுதாங்க" என்றார். "கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். நாலாம் வருஷம் இவ எங்கிட்டச் சண்டைக்கு வந்துட்டா. எங்கம்மா தோட்டத்தப் பாக்காம பேசாதீங்கன்னு. அதப் பாக்கத்தான் வந்தேன்."

இது பங்கஜத்துக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. மகள் அவளுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் இங்கே உட்கார்ந்து நரைமுடியில் திமிர் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று தெரியாததால் கண்ணெதிரில் நின்றவர்மேல் பாய்ந்தது.

"ஆமா, பொறாமதான்" என்றாள் மேடத்தைப் பார்த்து. "எம் புள்ள எப்பப் பாத்தாலும் உங்க பேச்சத்தான் பேசுனா. காச்சல்ல கெடந்தப்ப நீங்க ரசம் வெச்சுக் குடுத்தீங்க, நான் இங்க கெடந்து செத்தேன். எம் புள்ளைக்கு நல்லது பண்ணுனவங்கன்னு தெரியும். தெரிஞ்சே வயிறெரிஞ்சேன். போதுமா?"

டாக்சிக்காரர் வண்டியைவிட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். ராஜசேகர் போய் அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்.

மேடம் சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டார். "வேரோட எடுத்தீங்களா, வெட்டிப் போட்டீங்களா?" என்றார்.

"வேரோடதான்."

"அப்ப வாங்க."

ஓடையில் தண்ணீர் குறைவு, சேறுதான் மிச்சம். நாலு பேரும் இறங்கினார்கள். ஸ்வராஜ் தீப்பும் நந்தியாவட்டையும் இலை வாடியிருந்தாலும் உயிரோடிருந்தன. நான்கௌரியை மேடம் ஒரு பக்கமும் பங்கஜம் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். அக்பர் மட்டும் மிதிபட்டு நொறுங்கிப் போயிருந்தது. பங்கஜம் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கியபிறகுதான் வேறொரு கஷ்டம் தெரிந்தது. குழிகளையெல்லாம் நேற்றே மூடி, மேலே பெரணி நட்டாகிவிட்டது. கல் வரிசையும் இல்லை. எது எங்கே இருந்தது? பங்கஜம் வாசல் நடுவில் நின்று திருதிருவென விழித்தாள். வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவள். செடி நின்றால் கால் தானாகப் போகும். செடி இல்லாத வாசலில் அவளுக்குத் திசையே பிடிபடவில்லை. "நந்தியாவட்ட... இங்கதான... இல்ல..." என்று தடுமாறினாள்.

சௌமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டருகில் போய் நின்றாள். அங்கிருந்து நடக்க ஆரம்பித்தாள். "நந்தியாவட்ட இங்க. ஜன்னலத் திறந்தா வாசம் வரணும்னு வெச்ச. ஸ்வராஜ் தீப் இந்த வேலிக் கல்லுக்கு ஒரு கை தள்ளி. மாடு நுழையுற சந்துன்னு. நான்கௌரி..." கிணற்றைச் சுற்றிப் போய் நின்றாள். "இங்க. நான் சின்ன வயசுல கெணத்துக்கிட்டப் போகக் கூடாதுன்னு மறிச்சு வெச்ச. நீ சொன்னதில்ல. வரையும்போதுதான் தெரிஞ்சுது."

பங்கஜம் குந்தி அமர்ந்து மண்ணைத் தோண்டினாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் ஏன் அங்கே வைத்தாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. மகள் தவழ்ந்து திரிந்த காலம் அது. இந்த வாசல் முழுவதையும் மகள் மனசுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்திருக்கிறாள். அவளோ இங்கே இருந்ததையும் பிடுங்கிப் போட்டாள். குழி தோண்டி முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் தோண்டிக்கொண்டே இருந்தாள்.

மதியம் சாப்பாடு. பங்கஜம் மிளகு ரசம் வைத்திருந்தாள். மேடம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, "இவ என் ரசத்தக் குடிச்சுட்டு நல்லாருக்கு, ஆனா எங்கம்மாது மாதிரி வராதுன்னா. காச்சல்லயும் வாய் குறையலீங்க" என்றார். பங்கஜம் மூன்றாம் கரண்டி ஊற்றினாள். மகளைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். இதைப் போனில் சொல்லியிருந்தால் என்ன கேடு என்று அவளைத் தலையில் குட்ட வேண்டும்போல இருந்தது.

பிற்பகல் முழுவதும் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். புறப்படும்போது மேடம் கைப்பையைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொம்பை எடுத்துக் கொடுத்தார். "வெறுங்கையோட வந்தா டீ கிடையாதுன்னு சௌமியா சொல்லியிருந்தா. எங்க வீட்டு வெள்ளை அடுக்குச் செம்பருத்தி. பிளேன்லதான் வந்துது, கப்பல் பேரு வெக்க முடியாதுங்க." பங்கஜத்திடம் வெள்ளை அடுக்கு இல்லை. எத்தனையோ பேரிடம் கேட்டும் கிடைக்காத செடி. அதுவும் போயும் போயும் இவர் கையிலிருந்தா வரவேண்டும்? வாங்கிக்கொண்டாள். சௌமியா அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேடத்தோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஏறும்போது மேடத்தின் கையைப் பிடித்துத்தான் ஏறினாள்.

வண்டி போனதும் பங்கஜம் கொம்பை எடுத்துக்கொண்டு வாசலை ஒரு சுற்றுப் பார்த்தாள். அக்பர் இருந்த இடம் காலியாக இருந்தது. நான்கௌரிக்கு நேர் பக்கத்தில். அங்கே நடக்க மனசு வரவில்லை. பின்பக்கம் போய், குளியலறைத் தண்ணீர் ஓடும் சாக்கடையோரம் குத்திவிட்டு வந்தாள். ராஜசேகர் பார்த்தார். பார்த்ததோடு சரி.

சித்திரையில் சௌமியா போன் செய்தாள். நடுவர்கள் ஏகமாகப் பாராட்டினார்களாம். ஒருவர் இந்தத் தோட்டத்தை வடிவமைத்தது யார் என்று கேட்டாராம். "எங்கம்மான்னு சொன்னேம்மா. மேடத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு." மேடம் அந்த அறையிலேயே இருந்து பார்த்தார், தனக்குப் போனில்தான் வாய்த்தது என்று பங்கஜத்துக்கு அப்போதும் ஒரு சுருக். நல்ல செய்தி கேட்டு அழுதாள், அந்தச் சுருக்கோடேதான் அழுதாள்.

"அம்மா, அடுத்த மாசம் வந்துருவேன், ரெண்டு மாசத்துக்கு. கடைசி ஷீட்ட மட்டும் திருத்திக் குடுக்கணும். மேடம் குடுத்த செம்பருத்திய எங்க நட்ட?"

பங்கஜம் சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். சாக்கடையோரம் அந்தச் சனியன் முழங்கால் உயரம் வளர்ந்து, பளபளவென்று இலைவிட்டு நின்றது.

"நான்கௌரி பக்கத்துல" என்றாள். "அக்பர் இருந்த எடத்துல."

"நெஜமாவா? அம்மா!" மகள் துள்ளுவது போன் வழியாகவே தெரிந்தது. "மேடம்கிட்டச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள்.

பங்கஜம் அடுப்பை அணைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வேரில் மண் உதிராமல் பெயர்த்து, ஈரச் சாக்கில் வைத்து வாசலுக்குத் தூக்கி வந்து, அக்பர் இருந்த இடத்தில் குழி பறித்து நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். வேரில் காற்றுப் புகாமல் சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்தாள். கொஞ்சம் அதிகமாகவே மிதித்தாள்.